மலை மேல உக்காந்து கடல் தேடுற தம்பிக்கு

தம்பி, இப்படிக் கிட்ட வா. கையில கட்டியிருக்கியே, அந்தக் கடிகாரத்தக் கொஞ்சம் காட்டு. 200 மீட்டர் ஆழம் தாங்குமா? நல்லது. ஊட்டி எத்தன மீட்டர் ஒசரம்னு தெரியுமா? 2,240. குன்னூர் அதுக்குக் கொஞ்சம் கம்மி. இங்க எந்தப் பள்ளத்துல விழுந்தா உன் தலைக்கு மேல 200 மீட்டர் தண்ணி நிக்கும்? ஊட்டி ஏரியில மிதிபடகு ஓட்டுறப்போ மணி பார்க்கத்தான் கட்டியிருக்கேன்னு சொல்லு, நான் வாயத் தொறக்கல. சல்லிவன் துரை 200 வருசத்துக்கு முன்னால கட்டுன ஏரி அது. அடியில என்ன கெடக்கும்? சுத்திப் பார்க்க வந்தவன் தவறவிட்ட கூலிங் கிளாசும் செல்போனும் கெடக்கும். அதப் படம் பிடிக்க எந்த வெள்ளக்காரனும் வரமாட்டான்.

வெளிய பனி பெய்யுது. கேரட்டுக் காட்டுக்குத் தண்ணி பாய்ச்சணும்னு உங்கப்பன் கத்துறான். நீ கம்பளிக்குள்ள பூந்துக்கிட்டு, முழுகுன கப்பல் படமாப் பார்த்துத் தள்ளுற. நானும் பேரன் கூட உக்காந்து ரெண்டு மூணு பார்த்தேன். எல்லாம் ஒரே கதைதான். மொத கால் மணி நேரம் வெறும் கடல். சாவு வீட்டு சங்கீதம். அடித்தொண்டையில ஒருத்தர் பேசுறாரு. அப்புறம் ஒரு மிசினு கீழ போகும், மண்ணு கெளம்பும், ஒண்ணும் தெரியாது. கடைசியில ஒரு பீங்கான் தட்டு. வெள்ளக் கையுறை போட்டுக்கிட்டு ஒரு பெரிய மனுசர் அதத் தூக்கித் தூக்கிப் பார்க்குறாரு, கண்ணு கலங்குறாரு. ஏன்யா, அதக் கழுவி வெச்சா நம்ம பாய் கடையில போண்டா வெக்கிற தட்டுதானே?

கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வெக்காதேன்னு பெரியவங்க சொன்னது கப்பல்காரனுக்கு. அவனே தொடச்சுப் போட்டுட்டு அடுத்த கப்பலக் கட்டப் போயிட்டான். நூறு வருசம் கழிச்சு நீ எதுக்குக் கன்னத்துல கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க?

டைட்டானிக்கத்தான் எடுத்துக்க. 1912 ஏப்ரல் 15, விடியறதுக்கு முன்னால முழுகுச்சு. 3,800 மீட்டர் ஆழம். 1985ல பல்லார்டுன்னு ஒரு அமெரிக்கக்காரரும் பிரான்சுக்காரங்களுமாச் சேர்ந்து கண்டுபிடிச்சாங்க. உலகமே கை தட்டுச்சு. ரொம்ப வருசம் கழிச்சுத்தான் உள்கதை வெளிய வந்துச்சு. அமெரிக்கக் கடற்படை அவருக்குக் காசு குடுத்தது முழுகிப்போன தன்னோட ரெண்டு நீர்மூழ்கியப் போய்ப் பார்த்துட்டு வான்னு. அந்த வேல முடிஞ்சு மிச்சமிருந்த நாள்லதான் இதத் தேடுனாரு. சர்க்கார் காசுல போயி சொந்த வேலையும் முடிச்சவரு. கெட்டிக்காரர், நான் ஒத்துக்குறேன்.

ஆனா படம் பார்க்குற எவனும் ஒரு கேள்வி கேக்க மாட்டேங்குறான். அது ஏன்யா முழுகுச்சு? பனிக்கட்டி இருக்கு, பார்த்து வான்னு மத்த கப்பல்காரங்க அன்னைக்கு எத்தன தடவ சேதி அனுப்புனாங்க! இவங்க வேகத்தக் கொறச்சாங்களா? நம்ம கல்லட்டி இறக்கத்துல அடி எடுத்து வெச்சதும் 'கியர்ல போ'ன்னு பலகை இருக்கு. பெட்ரோல மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விட்டு, பிரேக்குல பொகைய வரவழைச்சு, பள்ளத்துல வண்டிய எறக்குனவன் எத்தன பேரு? அதனாலதான் வெளியூர் வண்டிய அந்தப் பக்கம் எறங்க விடாம போலீசு நிக்கிது. பலகையப் படிக்காதவன் கடல்லயும் உண்டு, மலையிலயும் உண்டு. கடல்ல முழுகுனா சினிமா எடுக்குறான். இங்க விழுந்தா கிரேன் வாடகைதான்.

2023 ஜூன்ல நடந்தத மறந்துட்டியா? அதே டைட்டானிக்கப் பார்க்க ஒரு சின்ன நீர்மூழ்கியில அஞ்சு பேரு போனாங்க. ஒரு சீட்டு 2,50,000 டாலரு. நம்ம கணக்குக்கு 2 கோடி. ஓடு கார்பன் நாருல செஞ்சது. இப்படி எல்லாம் செய்யாதீங்கன்னு வெவரம் தெரிஞ்சவங்க 2018லயே கடுதாசி எழுதி வெச்சாங்க. கேட்டாத்தானே? போகுறப்பவே நொறுங்கிப் போச்சு. தேடிப் போனவங்க, டைட்டானிக்கோட மூக்குக்கு 500 மீட்டர் தள்ளி இதோட துண்ட எடுத்தாங்க. முழுகுனதப் பார்க்கப் போனவனும் முழுகுனான். இப்போ அதுக்கும் படம் வந்தாச்சு. அதையும் நீ பார்த்தாச்சு, இல்ல?

முழுகுனதப் பார்க்கணும்ங்குற ஆசையே தப்புன்னு சொல்ல மாட்டேன். எனக்கும் இருக்கு. ஆனா அதுக்கு எதுக்குக் கடலு? நம்ம மலைத் தண்ணிதான் மாயாறாவும் பவானியாவும் எறங்கி பவானிசாகர் அணையில நிக்கிது. 1955ல கட்டி முடிச்ச அணை. அதுக்கு அடியில டணாயக்கன் கோட்டைன்னு ஒரு கோட்டையே கெடக்கு. ஒய்சளர் காலத்துப் பெருமாள் கோயிலோட சேத்து. மழ பொய்ச்சு தண்ணி எறங்குற வருசம் கோயில் தலையக் காட்டும். சனம் பரிசல் பிடிச்சுப் போயிப் பார்த்துட்டு வரும். ஆக்சிசன் சிலிண்டரு வேணாம், சான்றிதழ் வேணாம், கையில ஒரு பொட்டணம் பொரி போதும். ஆனா அதச் சொன்னா உனக்குப் பெருமையா இருக்காதே. கூட்டாளிங்க கிட்ட 'நான் முழுகுன கப்பலத் தேடிக் குளிக்கிற ரெக் டைவரு'ன்னு சொல்லணும். 'பரிசல்ல போனேன்'னு சொன்னா எவன் லைக் போடுவான்?

சரி, கப்பல்தான் வேணும்ங்குற. மட்டக்களப்புக்குப் போகணும்ங்குற. அங்க முழுகிக் கெடக்குற வெள்ளக்காரனோட ஹெர்மிஸ் கப்பலப் பார்க்கணும்ங்குற. விமானம் தாங்கிக் கப்பலாவே திட்டம் போட்டுக் கட்ட ஆரம்பிச்ச மொதக் கப்பல் அதுதான்னு சொல்லுவாங்க. 1942 ஏப்ரல் 9ஆந் தேதி ஜப்பான்காரன் விமானம் வந்து குண்டு மேல குண்டாப் போட்டான். 307 பேரு போயிட்டாங்க. இதுல வேடிக்கை என்ன தெரியுமா? விமானத்தத் தாங்குறதுக்குன்னே பொறந்த கப்பல்ல அன்னைக்கு ஒத்த விமானம் கெடையாது. எல்லாத்தயும் கரையில எறக்கி வெச்சுட்டுக் கப்பல் மட்டும் தனியாக் கெளம்பியிருக்கு. குடையக் கடையில வெச்சுட்டு மழையில நடக்குறவங்க வெள்ளக்காரங்கள்லயும் உண்டு.

உன் பையில இருக்குற சான்றிதழ் எத்தன மீட்டருக்கு? 18 மீட்டருக்கு. ஹெர்மிஸ் கெடக்குறது 50 மீட்டருக்கும் கீழ. ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்க. நீ ஆழம் தெரிஞ்சும்ல விடப் பார்க்குற?

இந்த முக்குளிக்கிறவங்களுக்குள்ள ஒரு சாதி அடுக்கு இருக்கு, கவனிச்சியா? 18 மீட்டர்காரன 30 மீட்டர்காரன் மதிக்க மாட்டான். 30 மீட்டர்காரன, முதுகுல ரெண்டு சிலிண்டர் மாட்டுனவன் மதிக்க மாட்டான். ஈயத்தப் பார்த்து இளிச்சுதாம் பித்தள. ஈயம்னதும் ஞாபகம் வருது. பூம்புகாருக்கு நேரா கடல்ல ஒரு பழைய கப்பல் கெடக்கு. 20 மீட்டர் ஆழந்தான் இருக்கும். தேசியக் கடலியல் நிறுவனத்துக்காரங்க குளிச்சுப் பார்த்தாங்க. சோழன் காலத்துப் பொன்னும் மணியும் வரும்னு நெனச்சா, வந்தது கட்டி கட்டியா ஈயம். அதுல 1791, 1792ன்னு வருசம் வேற குத்தியிருக்கு. காவிரிப்பூம்பட்டினத்தத் தேடிப் போனவன் கையில சீமச் சரக்கு.

தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவங்களப் பார்த்திருக்கியா? அந்தக் காலத்துல காலுல கல்லக் கட்டி, மூச்சப் பிடிச்சு எறங்குனவங்க. இப்போ படகுல ஒரு கம்ப்ரசரு, நீளமா ஒரு குழாய், அதுல வர்ற காத்த வாயில கவ்விக்கிட்டு எறங்குறாங்க. மூட்டு வாதமாகிப் படுத்தவங்க இருக்காங்க, திரும்பி வராதவங்களும் இருக்காங்க. அவங்க கடலுக்கு அடியில போறது சோத்துக்கு. அவங்க கிட்டப் போயி 'கடலோட ஆழத்துல ஒரு மௌனம் இருக்கு, அதக் கேட்டீங்களா'ன்னு கேட்டுப் பாரு. மௌனமா ஒண்ணு வெப்பாங்க.

மீன்காரங்களுக்கு முழுகுன கப்பல் ரெண்டு விதம். ஒண்ணு, வல மாட்டிக் கிழியுற எடம். இன்னொண்ணு, மீன் அடையுற எடம். கரையில தெரியுற கோபுரத்தையும் பனமரத்தையும் நேர் வெச்சு அந்த எடத்தக் கண்டுபிடிப்பாங்க. யாருக்கும் சொல்ல மாட்டாங்க. சொன்னா மறுநாளு பத்து படகு நிக்கும். நீ போய் எறங்குன எடத்துல இருந்தே ஒலகத்துக்கே படம் அனுப்புற. அவங்க பொழப்புத் தெரிஞ்சவங்க.

இப்போ நம்ம சரக்குக்கு வாரேன். தேயிலை. கெர்சோப்பான்னு ஒரு கப்பலு. ஜோக் அருவி இருக்கே, அதோட பழைய பேருதான். 1940 டிசம்பர்ல கல்கத்தாவுல கெளம்பி சீமைக்குப் போச்சு. 1941 பிப்ரவரியில அயர்லாந்துக்குப் பக்கமா, நிலக்கரி தீருது, காத்து அடிக்குது, கூட வந்த கப்பல் கூட்டத்த விட்டுப் பிரிஞ்சு தனியாப் போறப்போ ஜெர்மன்காரன் நீர்மூழ்கி அடிச்சான். எண்பது பேருக்கு மேல இருந்தாங்க, லஸ்கருன்னு சொல்லுற நம்மூர் மாலுமிங்கதான் ரொம்ப. உசுரோட கர சேந்தது ஒருத்தர்தான். கப்பல் 4,700 மீட்டர் ஆழத்துல போய் உக்காந்துருச்சு. டைட்டானிக்க விட ஆழம். 2012லயும் 2013லயும் ஒரு கம்பெனி மிசின எறக்கி 110 டன் வெள்ளியத் தூக்குனாங்க. தூக்குனவனுக்கு நூத்துக்கு 80, வெள்ளக்கார சர்க்காருக்கு 20. படத்துல கட்டி கட்டியா அடுக்கி வெச்சுக் காட்டுனான் பாரு, பேரன் வாயப் பொளந்துட்டான்.

நான் கேட்டேன், 'கப்பல்ல வேற என்ன இருந்துச்சு?' வார்ப்பு இரும்பு இருந்துச்சாம். அப்புறம் 1,700 டன்னுக்கு மேல தேயிலையாம்.

அப்படி வா. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல பச்சக் கொழுந்து போகணும். அப்போ எத்தன கொழுந்து? 70 லட்சம் கிலோ. ஒரு பொம்பள நாளைக்கு 25 கிலோ கிள்ளுறான்னு வெச்சுக்க. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேருன்னா, ஏறக்கொறைய 3 லட்சம் பேரு போடணும். அட்டக் கடி, மழ, கங்காணி திட்டு, எட கொறஞ்சா அரப்பேரு. அது அம்புட்டையும் கடல்ல கரச்சாச்சு, உப்புப் போட்டு. அசாம் பக்கத்துக் கொழுந்தோ டார்ஜிலிங்கோ, எதுவானா என்ன, கிள்ளுன விரலு ஒரே மாதிரிதான் வெடிச்சிருக்கும். வெள்ளிக்குக் கணக்கு இருக்கு, 2,792 கட்டின்னு எண்ணி எழுதி வெச்சிருக்கான். படத்துல ஒரு தடவையாவது அந்தக் கொழுந்துக் கூடையக் காட்டுனானா? ஒரு நல்லது மட்டும் செஞ்சாங்க. சகதிக்குள்ள அமுங்கிக் கெடந்த கடுதாசிங்க நூத்துக்கணக்குல அழியாம இருந்துச்சு. அத எடுத்துக் காய வெச்சு லண்டன்ல தபால் மியூசியத்துல பார்வைக்கு வெச்சாங்க. வெள்ளியத் தேடிப் போனவன் கையிலதான் அதுவும் சிக்கியிருக்கு.

நானும் கப்பல் ஏறுனவன்தான்டா. சாஸ்திரியும் சிரிமாவோவும் 1964ல ஒப்பந்தம் போட்டு, இத்தன லட்சம் பேரு உனக்கு, இத்தன லட்சம் பேரு எனக்குன்னு பிரிச்சாங்களே, அந்தக் கணக்குல ஒரு தலை நான். தலைமன்னார்ல ஏறி ராமேசுவரத்துல எறங்குனோம். கப்பல் பேரு இராமானுஜம். டிரங்குப் பெட்டி, அம்மிக்குழவி, ஒரு சாமி படம். எங்கம்மா கண்ண மூடிக்கிட்டு முருகனக் கூப்பிட்டுக்கிட்டே வந்துச்சு. எங்கப்பன் பக்கத்துல குந்திக்கிட்டு வாந்தி எடுத்தாரு. அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை, சர்க்காரோட டேன்டீ தோட்டம், மறுபடியும் கொழுந்து. கப்பல்ல வர்றப்போ பக்கத்துல இருந்த கெழவி ஒரு கதை சொன்னா. காப்பித் தோட்டக் காலத்துல இங்கிருந்து ஆள ஏத்திக்கிட்டுப் போன ஆதிலட்சுமிங்குற கப்பலு 120 பேரோட முழுகிப் போச்சுன்னு. மலையகத்துல இன்னமும் சொல்லுவாங்க. அதத் தேடி எவன் மிசின எறக்குவான்? வெள்ளியா இருந்துச்சு அதுல? வெள்ளக் கையுறைக்காரர் தூக்கிக் காட்ட பீங்கான் தட்டு இருந்துச்சா? மண்சட்டிதான் இருந்திருக்கும். அதுவும் ஒடஞ்சிருக்கும்.

கப்பல வேடிக்கை பார்க்குறதுல நம்ம சனமும் கொறச்சல் இல்ல. 2012ல நீலம் புயல் அடிச்சப்போ பிரதிபா காவேரின்னு எண்ணெய்க் கப்பல் ஒண்ணு சென்னை பெசன்ட் நகர் கரையில வந்து தட்டி நின்னுச்சே. ஊரே திரண்டு போச்சு. கொழந்தையத் தோள்ல தூக்கி வெச்சுக் காட்டுனாங்க. ஆனா செத்தது யாரு? உசுருக்குப் பயந்து உயிர்காக்கும் படகுல எறங்குனாங்களே, அந்தப் படகு கவுந்துதான் ஆறு பேரு போனாங்க. கப்பல்லயே உக்காந்திருந்தவங்க பத்திரமா எறங்குனாங்க. பத்துப் பன்னெண்டு நாள்ல கப்பலையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. கரை தட்டுன கப்பல விட்டு எறங்கலாமா, வேணாமா? இத யோசிக்காம செல்பி எடுத்துட்டு வந்த ஆளு எங்க ஒறவுலயே ஒருத்தன் இருக்கான்.

அட, ஒலகத்துல எங்கயோ தேடுறியே, பக்கத்து ஊர்ல புதுசா ஒண்ணு முழுகியிருக்கு. 2025 மே 25, கொச்சிக்கு வெளிய எல்சா 3. 640 கன்டெய்னரு. அதுல கால்சியம் கார்பைடு வேற. ஆளுங்க 24 பேரும் தப்பிச்சாங்க, புண்ணியம். ஆனா கடுகு மாதிரி வெள்ள வெள்ளயா பிளாஸ்டிக் மணி கரையெல்லாம் ஒதுங்கி, கன்னியாகுமரி வரைக்கும் வந்துருச்சு. கப்பலச் சுத்தி 20 கடல்மைலுக்கு வல போடாதேன்னுட்டாங்க. இதுக்கு நாலு வருசம் முந்தி கொழும்புக்கு வெளிய எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிஞ்சு முழுகுனப்பவும் இதே மணிதான், டன் கணக்குல. நம்ம குன்னூர் மார்க்கெட்டுல மத்தி வாங்கப் போன பொம்பளைங்க, 'இது எந்தக் கடலு'ன்னு கேட்டு மீன மோந்து பார்த்தாங்க. மீன்காரன் தலையில கை வெச்சான். முழுகுன கப்பலு டிவிக்கு வர்றதுக்கு முந்தியே நம்ம அடுப்படிக்கு வந்துருச்சு. இத நூறு வருசம் கழிச்சு ஒருத்தன் வெள்ளக் கையுறை போட்டுத் தூக்கிக் காட்டுவான். பிளாஸ்டிக் மணி அப்பவும் அப்படியே பளபளன்னுதான் இருக்கும்.

சரிடா, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. போகணும்னு முடிவு பண்ணிட்ட, போ. பாண்டிச்சேரியில இன்னும் ஆழமாப் போகவும் கத்துக் குடுக்குறாங்க, கத்துக்க. அதுல ஒரு விசயம் மட்டும் கேட்டுட்டுப் போ. இத பாண்டிச்சேரிப் பிள்ளைக்குச் சொல்ல வேணாம், ஊட்டிப் பிள்ளைக்குத்தான் சொல்லணும்.

கீழ மேட்டுப்பாளையத்துல வாங்குன சிப்ஸ் பாக்கெட்டு குன்னூரு வர்றதுக்குள்ள வயிறு உப்பி நிக்குமே, பார்த்திருக்கேல்ல? மேல வர வர காத்தோட அழுத்தம் கொறையுது, உள்ள இருக்குற காத்து விரியுது. ஊட்டியில கடற்கரைல இருக்குறதுல முக்காப் பங்கு அழுத்தந்தான். கடலுக்குள்ள இதுக்கு நேர் எதிரு. 10 மீட்டருக்கு ஒரு மடங்கு ஏறும். 30 மீட்டர்ல நாலு மடங்கு. அந்த அழுத்தத்துல நீ இழுக்குற காத்துல இருக்குற நைட்ரஜன் ரத்தத்துல, சதையிலன்னு ஊறிப் போகும். மெதுவா மேல வந்தா மூச்சோட வெளிய போகும். அவசரப்பட்டா உள்ளயே குமிழியாக் கெளம்பும். மூட்டு வலிக்கும், கை கால் மரத்துப் போகும், சிலருக்கு முதுகுத் தண்டையே அடிச்சிரும்.

அதனாலதான் முக்குளிச்ச அன்னைக்கு விமானம் ஏறாதேன்னு சொல்லிக் குடுப்பாங்க. நீயும் தலையாட்டுவ. நான் எங்க விமானத்துல போறேன், பஸ்ஸுலதானே போறேன்னு நெனப்ப. விமானத்துக்குள்ள அழுத்தத்த 2,400 மீட்டர் ஒசரத்துக்கு மேல போகாமத்தான் வெச்சிருப்பாங்க. நம்ம தொட்டபெட்டா 2,637. நீ வீட்டுக்கு வர்றதே விமானம் ஏறுன கணக்குதான்டா! ஞாயித்துக்கிழம மத்தியானம் குளிச்சுட்டு, ராத்திரி பஸ்ஸப் பிடிச்சு, விடியக்காலம் பதினாலு கொண்ட ஊசி வளைவையும் ஏறுனா, உனக்குள்ள சிப்ஸ் பாக்கெட்டு தயாராயிரும். ஒரு தடவ குளிச்சா 12 மணி நேரம், பல தடவ குளிச்சா 18 மணி நேரம் பொறுக்கணும்னு கணக்குச் சொல்றாங்க. நீ ஒரு நாளுன்னே வெச்சுக்க.

மேட்டுப்பாளையத்துல ஒரு ராத்திரி தங்கு. வெக்கையா இருக்கும், கொசு பிடுங்கும், பரவால்ல. காலையில 7 மணிக்கு மேல மலை ரயிலு கெளம்பும். 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம் கிட்ட எடுத்துக்கும். உன்ன மாதிரி ஆளுக்கு மெதுவா ஏறுறதுக்குன்னே வெள்ளக்காரன் பல்சக்கரம் போட்டுக் குடுத்துட்டுப் போன வண்டி. டிக்கெட்டு மட்டும் இப்பவே போட்டு வெச்சுக்க. கடலுக்கு அடியில போக எடம் கெடச்சிரும், சீசன்ல அதுல எடம் கெடைக்காது.